கனடாவின் வடக்கில் பல் டாக்டர் வேலை: லைசென்ஸ் முதல் திரும்பும் விமானம் வரை

டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரே பிளாஸாவுக்குள் இரண்டு மூன்று பல் கிளினிக் இருக்கிறது. கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டில் பல ஊர்களில் வருடத்துக்குச் சில வாரங்கள்தான் பல் டாக்டர் இருப்பார், மற்ற நாளெல்லாம் வலி வந்தால் நர்ஸ் தரும் மாத்திரைதான். இதைக் கேள்விப்பட்டு, "வடக்கே போனால் நல்ல காசாமே, கை நல்லா பழகுமாமே" என்று விசாரிக்கிற நம் ஆட்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஊரில் பிடிஎஸ் முடித்து இங்கே வந்து தேர்வெழுதி ஜெயித்தவர்கள், இங்கேயே பிறந்து படித்தவர்கள் என்று இரண்டு தரப்பும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர் போகாமலிருப்பதே நல்லது. ஒரே ஊருக்கு இரண்டு மூன்று வருடமாவது திரும்பத் திரும்பப் போகிற டாக்டரால்தான் அங்கே பிரயோஜனம். எந்தப் பல்லைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது என்பது வரை கீழே வருவதெல்லாம் அந்த எண்ணத்தோடு சொல்வதுதான்.

முதல் படி: எந்த வடக்கு என்று முடிவு செய்யுங்கள்

"வடக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், இடத்துக்கு இடம் வேலை வேறு. நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமானது. ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் 36,858 பேர், 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம்தான், கோடையில் சரக்குக் கப்பல். பெரிய ஆஸ்பத்திரி இகாலுவிட்டில் ஒன்றே ஒன்று. மேல்சிகிச்சைக்கு நுனாவுட்டின் மூன்று பகுதிகளில் பாஃபின் பக்கத்துக்காரர்கள் ஒட்டாவாவுக்கும், கிவாலிக் பக்கத்துக்காரர்கள் வின்னிபெக்குக்கும், கிட்டிக்மியோட் பக்கத்துக்காரர்கள் யெல்லோநைஃப், எட்மன்டனுக்கும் பறக்க வேண்டும். இந்த வழித்தடத்தை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருங்கள், ரெஃபரல் எழுதும்போது முதலில் தேவைப்படுவது இதுதான்.

ஒன்டாரியோவின் வடக்கு வேறு உலகம். சூ லுக்கவுட் என்ற சிறு நகரத்தை மையமாக வைத்துச் சுற்றியுள்ள ஓஜிப்வே, ஓஜி-க்ரீ, க்ரீ பழங்குடிச் சமூகங்களுக்குச் சிறிய விமானத்தில் போய் வருவார்கள். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் சில வாரங்களுக்கு ஐஸ் சாலை திறக்கும், கனமான சாமான்கள் அப்போதுதான் ஊருக்குள் வரும். வடக்கு மனிடோபாவும் ஏறக்குறைய இப்படித்தான். குடும்பத்தோடு டொரண்டோவில் இருந்துகொண்டு ஆரம்பிக்க நினைப்பவருக்கு ஒன்டாரியோ லைசென்ஸே போதும் என்பதால் இந்தப் பகுதி சுலபம்.

இரண்டாம் படி: லைசென்ஸ், காப்பீடு

இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள் தேசியப் பல் மருத்துவத் தேர்வு வாரியமான என்டிஇபியின் சமநிலைத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். அடிப்படை அறிவுக்கு ஏஎஃப்கே, பொம்மைத் தலையில் வேலை செய்துகாட்ட என்டிஇசிசி, அப்புறம் கணினியில் எழுதும் வர்ச்சுவல் ஆஸ்கி. இந்தத் தேர்வுகளின் பெயரும் வரிசையும் சமீப வருடங்களில் மாறியிருப்பதால், சீனியர் அண்ணன் சொன்னதை நம்பிப் பணம் கட்டாமல் வாரியத்தின் தளத்தையே பாருங்கள். சில பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று தனிப் படிப்பும் உண்டு, செலவு மிக அதிகம்.

வடக்கே போகத் தனிச் சலுகைத் தேர்வு எதுவும் இல்லை. "ஆள் பற்றாக்குறைதானே, லைசென்ஸ் இல்லாமலே எடுத்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நுனாவுட், வடமேற்குப் பிரதேசங்கள், யூக்கான் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு. ஏற்கெனவே பதிவுள்ள மாகாணத்திலிருந்து உங்கள்மேல் புகார் ஏதும் இல்லை என்ற நற்சான்று, போலீஸ் சான்றிதழ், தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்பார்கள். கிளம்பும் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

பலர் மறந்துவிடுவது பொறுப்புக் காப்பீடு. ஒன்டாரியோவில் பதிவோடு சேர்ந்து வருகிற பாதுகாப்பு நீங்கள் நுனாவுட்டில் பிடுங்கும் பல்லுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் "செல்லும் சார்" என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

மூன்றாம் படி: கை பழகியிருக்க வேண்டிய வேலைகள்

லைசென்ஸ் வந்த மறுமாதமே கிளம்பாதீர்கள். ஒரு வருடமாவது, முடிந்தால் இரண்டு வருடம், பல் பிடுங்கும் வேலை அதிகமுள்ள ஒரு கிளினிக்கில் இருங்கள். பக்கத்து அறையில் சீனியர் இல்லாத இடத்தில், வேர் பாதியில் உடைந்து உள்ளே நின்றுகொண்டால் எலும்பைச் சற்று எடுத்து, வேரைப் பிரித்து, தையல் போட்டு முடிக்க உங்களுக்கே தெரிய வேண்டும். குழந்தைகளைக் கையாளும் பொறுமை வேண்டும். முன்பல் ரூட் கெனாலை ஒரே அமர்வில் முடிக்கும் வேகம் வேண்டும்.

யாரும் சொல்லித்தராத இன்னொன்று, மிஷின் ரிப்பேர். கம்ப்ரசர் ஈரத்தை வடிப்பது, பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸின் டர்பைன் மாற்றுவது, எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாய் அடைப்பெடுப்பது, கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் கதவு ரப்பர் மாற்றுவது, இவ்வளவும் உங்கள் தலையில்தான். டெக்னீஷியன் வருவதற்கே விமான டிக்கெட் எடுக்க வேண்டிய ஊர் அது. உங்கள் கிளினிக்குக்கு சர்வீஸ் ஆள் வரும் நாளில் கூடவே நின்று பாருங்கள், அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்லித்தந்துவிடுவார்.

நான்காம் படி: ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

வேலை பெரும்பாலும் அரசிடமோ சமூகத்தின் சுகாதார அமைப்பிடமோ ஒப்பந்தம் எடுத்த நிறுவனங்கள் வழியாக வரும். ஒரு பயணம் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை போகும். சம்பளம் நாள்கூலியாகவோ, செய்த வேலையில் சதவீதமாகவோ இருக்கும். சதவீதம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பனிப்புயலில் மூன்று நாள் கிளினிக் மூடியிருந்தால் மூன்று நாளும் பூஜ்யம். அதோடு, சதவீதத்தில் இருப்பவருக்குக் குழந்தையோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்க மனசு வராது. மனித இயல்பு அது. முதல் வருடம் நாள்கூலிக்கே போங்கள் என்பேன்.

வானிலையால் முடங்கிய நாளுக்குக் காசு உண்டா, வழியில் வேறு ஊரில் மாட்டிக்கொண்டால் ஹோட்டல் செலவு யாருடையது, அசிஸ்டன்ட் உங்களோடு வருகிறாரா அல்லது அங்கே இருக்கிறாரா, கூடுதல் லக்கேஜுக்கு யார் கட்டுவது, தங்குமிடத்தில் சமைக்க வசதி உண்டா, கடைசியாக அந்த ஊருக்குப் பல் டாக்டர் போனது எப்போது: இவ்வளவையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "போன வருடம்" என்று பதில் வந்தால் நீங்கள் இறங்கும்போதே வலியோடு ஒரு பெரிய பட்டியல் காத்திருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் ஒரு நிறுவனம் "சாமானெல்லாம் முன்பே அனுப்பியாச்சு" என்றது. போய்ப் பார்த்தால் பெட்டி வேறொரு ஊரின் விமானத் தளத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து, சாமான் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அங்கிருக்கும் நர்ஸே பார்த்துச் சொன்னால்தான் நம்புவது.

நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் காசு கட்டுவது என்ஐஎச்பி என்கிற கூட்டாட்சி அரசுத் திட்டம். ஆர்க்டிக் பகுதிப் பழங்குடிகளான இனுயிட்களுக்கும், பதிவு பெற்ற மற்றப் பழங்குடிகளான முதல்குடி மக்களுக்கும் பல், கண், மருந்து, மருத்துவப் பயணம் எல்லாம் இதில் வரும். எந்தச் சிகிச்சைக்கு முன்அனுமதி தேவை என்ற பட்டியலைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பல்செட் மாதிரியான வேலைக்கு முதல் பயணத்தில் அனுமதிக்கு எழுதிப் போட்டால் அடுத்த பயணத்தில் தொடங்கலாம். அடுத்த பயணமே இல்லாதவர் எழுதிப் போட்டு என்ன பயன்?

வரிச் சலுகை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை ஓடுகிறது. வடக்கில் வசிப்போருக்கான வருமான வரிக் கழிவு, தொடர்ந்து ஆறு மாதமாவது அங்கே குடியிருப்பவர்களுக்கு. இரண்டு வாரம் போய் வருபவருக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: போவதற்கு முன் இந்த வரலாற்றைப் படியுங்கள்

இதைச் சடங்காக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். வயதானவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பிடியை இறுகப் பிடிக்கிறார், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் முகம் மாறுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த காலத்தில், 1948 முதல் 1952 வரை ஆறு பள்ளிகளில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகள் மேல் அரசாங்கமே ஊட்டச்சத்துப் பரிசோதனை நடத்தியது. பல்லும் ஈறும் எப்படி இருக்கின்றன என்பதை வைத்து ஊட்டச்சத்தை அளந்தார்கள். அந்த அளவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பள்ளிகளில் வழக்கமான பல் சிகிச்சையையே நிறுத்தி வைத்தார்கள். 2013இல் வரலாற்றாசிரியர் இயன் மாஸ்பி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால்தான் இது பொதுவெளிக்கு வந்தது. பல் சிகிச்சையைத் தர மறுத்தே பரிசோதனை செய்த ஒரு நாட்டில், அதே சிகிச்சையைத் தருவதற்கு நீங்கள் போகிறீர்கள். சந்தேகத்தோடு பார்த்தால் கோபப்படாதீர்கள்.

இன்னொரு கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1972இல் வடமேற்குப் பிரதேசங்களின் ஃபோர்ட் ஸ்மித்தில் டென்டல் தெரபிஸ்ட்களுக்கான தேசியப் பள்ளி தொடங்கியது. ஃபில்லிங், சாதாரணமாகப் பிடுங்குவது, தடுப்பு வேலை எல்லாம் கற்று, அந்தந்த ஊரிலேயே தங்கி வேலை செய்யும் ஆட்களை அது உருவாக்கியது. பின்பு சஸ்காச்சுவானின் பிரின்ஸ் ஆல்பர்ட் நகருக்கு மாறி, 2011இல் நிதி நின்று மூடப்பட்டது. என் கணக்கில் வடக்கின் பல் மருத்துவத்துக்கு விழுந்த பெரிய அடி அதுதான். அந்தப் பள்ளியில் படித்த தெரபிஸ்ட் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், அவர் சொல்வதைக் கேளுங்கள். வாய்க்குள் வேலையில் நீங்கள் கெட்டிக்காரராக இருக்கலாம், அந்த ஊரின் வாய்கள் அவருக்குத்தான் தெரியும்.

ஆறாம் படி: பெட்டி கட்டுவது

மரத்துப்போகும் ஊசி மருந்தைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துப் போங்கள். சரக்காகப் போட்டால், அது விமானத் தளத்தின் திறந்த வெளியில் மைனஸ் 35இல் கிடந்து உறைந்துவிடும். உறைந்து உருகிய கார்ட்ரிட்ஜில் பெரிய காற்றுக்குமிழி தெரியும், ரப்பர் அடைப்பான் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், அப்படி இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியிலும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட், ஃபில்லிங்கை ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம், எக்ஸ்ரே சென்சார் இவையும் கைப்பையில்தான்.

பல்லின் அச்செடுக்க ஆல்ஜினேட் பொடியை நம்பாதீர்கள். அச்சு தெற்கிலுள்ள லேபுக்குப் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம், அதற்குள் ஆல்ஜினேட் காய்ந்து சுருங்கிவிடும். சிலிக்கான் வகைதான் தாங்கும். ஆட்டோகிளேவ் சோதனைக்குத் (கிருமி உண்மையிலேயே சாகிறதா என்று பார்க்க) தபாலில் அனுப்பும் ஸ்போர் டெஸ்ட்டும் இதே காரணத்தால் பயனில்லை, முடிவு வருவதற்குள் நீங்கள் ஊரை விட்டே வந்திருப்பீர்கள். சிறிய இன்குபேட்டரோடு வரும் வகையை வாங்கி அங்கேயே பாருங்கள்.

உடைக்கு, நகரத்தில் மாட்டுகிற அழகான குளிர்ச் சட்டை போதாது. முகத்தைச் சுற்றி மூடும் தொப்பியுள்ள பார்க்கா, மைனஸ் 40 தாங்கும் பூட்ஸ், உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு. பருப்பு, அரிசி, மிளகாய்த்தூள், ஊறுகாய் கொண்டுபோங்கள். கடையில் காய்கறி விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மது மட்டும் வேண்டாம். பல ஊர்களில் அதற்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு, பையில் ஒரு பாட்டில் அகப்பட்டால் உங்கள் பெயரோடு அடுத்த டாக்டரின் பெயரும் கெடும்.

ஏழாம் படி: இறங்கிய முதல் நாள்

முதலில் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸைப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் டாக்டர் கிடையாது, எல்லாம் அவர்தான். யாருக்கு முகம் வீங்கியிருந்தது, யாருக்கு இதுவரை மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார், யார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்பதெல்லாம் அவரிடம் இருக்கும். பல ஊர்களில் மருந்துக்கடையும் இல்லை, நீங்கள் எழுதும் மருந்து அவர் அலமாரியிலிருந்துதான் வர வேண்டும். என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் தண்ணீர், மின்சாரம். நுனாவுட்டில் பல ஊர்களில் தண்ணீர் லாரியில் வந்து கட்டடத்தின் தொட்டியில் நிரம்பும். கழிவுநீருக்கும் ஒரு தொட்டி. அது நிரம்பிவிட்டால் குழாயும் நின்றுவிடுகிற மாதிரி அமைத்திருப்பார்கள். தண்ணீரை வாரிக் குடிக்கிற வகை சக்ஷன் மோட்டார் இருந்தால் உங்களாலேயே மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கத் தண்ணீர் நின்றுபோகும், முதல் நாளே லாரிக்காரரிடம் சொல்லி வையுங்கள். வடக்கு ஒன்டாரியோவில் பிரச்சினை வேறு. அங்கே நெஸ்காண்டகா என்ற ஊரில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை 1995இல் அறிவிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் நீடித்தது. அப்படிப்பட்ட ஊரில் ஹேண்ட்பீஸுக்கு யூனிட்டிலுள்ள தனிப் பாட்டிலில் காய்ச்சி வடித்த நீர்தான், குழாய் நீர் கூடவே கூடாது. நுனாவுட்டில் மின்சாரம் எல்லா ஊரிலும் டீசல் ஜெனரேட்டரில் வருவது, அதனால் கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்ரேக்கும் சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம்.

நீங்கள் வந்திருப்பதை ஊருக்குச் சொல்ல உள்ளூர் வானொலிதான் வழி. வரவேற்பில் இருப்பவரிடம் சொன்னால் அறிவிப்பு போய்விடும், ஃபேஸ்புக் குழுவிலும் போடுவார்கள். பத்து நிமிடத்தில் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

எட்டாம் படி: வாரத்தை எப்படிப் பிரிப்பது

இதுதான் வேலையின் உயிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திங்கள், செவ்வாய் வலிக்காரர்களுக்கு. கடினமான பிடுங்கல், கீழ்த்தாடை ஞானப்பல், அறுவைச் சிகிச்சை எல்லாம் இந்த இரண்டு நாளில் முடிந்துவிட வேண்டும். ரத்தம் நிற்கவில்லை, பல் இருந்த குழி காய்ந்து வலிக்கிறது, வீக்கம் வருகிறது என்றெல்லாம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவார்கள், அப்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். நுனாவுட்டில் புகைப்பழக்கம் மிக அதிகம், குழி காய்ந்துபோவது அடிக்கடி நடக்கும். விமானம் ஏறும் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் கஷ்டமான பல்லைத் தொடாதீர்கள், நோயாளி கெஞ்சினாலும். ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் கொடுத்து, அடுத்த பயணத்தின் முதல் நாளில் முதல் பெயராக எழுதிவையுங்கள்.

புதன், வியாழன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஃபில்லிங்குக்கும். கடைசி நாள் தையல் பிரிப்பது, திரும்பப் பார்ப்பது, சுத்தம் செய்வது, எழுதிவைப்பது.

நேரம் கொடுத்தும் வராதவர்கள் இருப்பார்கள், அதில் சலித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நல்ல வெயில், காற்றில்லை, கடற்பனி கெட்டியாக இருக்கிறது என்றால் வேட்டைக்குப் போவார்கள், குடும்பத்தின் சாப்பாடு அது. ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்து க்ரீ ஊர்களில் வசந்தத்தில் வாத்து வேட்டைக் காலம் வந்தால் பள்ளிக்கூடமே மூடிவிடும், அந்த வாரங்களில் பயணம் போடாதீர்கள். காலியான நேரத்துக்கு வரவேற்பில் இருப்பவர் போன் போட்டாலோ, யாராவது ஸ்நோமொபைலில் போய் அழைத்து வந்தாலோ நாற்காலி நிரம்பிவிடும்.

எதைப் பிடுங்குவது, எதைக் காப்பாற்றுவது? பதினைந்து வயதுப் பெண்ணின் முன்பல்லை, எவ்வளவு கூட்டம் இருந்தாலும், பிடுங்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனாலும் ரூட் கெனால் செய்து மூடுங்கள், அந்தப் பல் போனால் அவள் சிரிப்பதையே நிறுத்திவிடுவாள். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லில் நிலைமை வேறு. ரூட் கெனாலை ஆரம்பித்துவிட்டு அப்புறம் கிரவுன் போட யாரும் வராவிட்டால் பல் பிளந்து, இரண்டு வலியை அனுபவித்துக் கடைசியில் பிடுங்கத்தான் வேண்டும். நீங்கள் திரும்பி வருவது உறுதியென்றால் ஆரம்பியுங்கள். "எல்லாத்தையும் பிடுங்கிடுங்க டாக்டர்" என்று நடுவயதுக்காரர்கள் நிறையப் பேர் கேட்பார்கள், அடுத்து எப்போது டாக்டர் வருவார் என்று தெரியாததால் வருகிற கேள்வி அது. நான் நவம்பரில் மறுபடி வருகிறேன் என்று சொல்ல முடிந்தால் பாதிப் பேர் அந்த யோசனையையே விட்டுவிடுகிறார்கள்.

ஒன்பதாம் படி: குழந்தைகள்

2008, 2009இல் இனுயிட் மக்களிடையே எடுத்த வாய்நலக் கணக்கெடுப்பில், பள்ளிக்குப் போகும் முன்பே பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொத்தை இருந்தது. சர்க்கரை பானம், புட்டிப் பால், ஃப்ளூரைடு இல்லாத தண்ணீர், பிரஷ்ஷும் பேஸ்ட்டும் விற்கும் விலை எல்லாம் சேர்ந்த காரணம். கடைவிலையைப் பார்க்காமல் அம்மாவைக் கண்டிக்கிற டாக்டரிடம் அடுத்த முறை அந்த அம்மா வர மாட்டார். மீனும் கரிபூ மான் இறைச்சியும் சாப்பிட்டு வளர்ந்த பாட்டிகளின் பற்களை அதே ஊரில் பாருங்கள், தேய்ந்திருக்கும், சொத்தை குறைவாக இருக்கும்.

வாய் முழுக்கச் சொத்தையுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டுமானால் அது விமானம் ஏறிப் போக வேண்டும், வரிசை நீளம். அதுவரை, சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமின் ஃப்ளூரைடு (எஸ்டிஎஃப்) கைகொடுக்கும். 38 சதவீதக் கரைசல், 2017இல் கனடாவில் அனுமதி கிடைத்தது. பல்லைத் துடைத்து, உதட்டில் வாஸலின் தடவி, சின்ன பிரஷ்ஷால் ஒரு துளியைச் சொத்தையில் தேய்த்து ஒரு நிமிடம் வைக்க வேண்டும். ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை. சொத்தை கறுத்துவிடும், அதைப் படம் காட்டி முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், சொல்லாமல் செய்துவிட்டு முன்பல் கறுப்பானால் ஊர் முழுக்கப் பேச்சாகும். சீழ் வைத்த பல்லுக்கு இது உதவாது. ஆறு மாதத்தில் மறுபடி தடவ வேண்டும், இங்கேயும் திரும்பி வரும் பிரச்சினைதான்.

பின்னால் இருக்கும் பால் பல்லுக்கு ஹால் முறை அருமையானது. சொத்தையைக் குடையாமல், ஊசி போடாமல், ஸ்டீல் தொப்பியை கிளாஸ் அயனோமர் வைத்து அழுத்திவிடுவது. பல்லிடுக்கு இறுக்கமாக இருந்தால் திங்கள்கிழமை ரப்பர் வளையம் செருகி வியாழக்கிழமை தொப்பி போடுங்கள், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் "வெள்ளிப் பல்" என்று பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை தானாகவே வந்து நிற்கும்.

சம்மதக் கையெழுத்தில் கவனம். குழந்தை பாட்டி வீட்டில் வளரும், வழக்கப்படி உறவினர் தத்தெடுத்திருப்பார், சட்டப்படிக் கையெழுத்துப் போடுபவர் யார் என்று பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: பேச்சு

வயதானவர்கள் பலருக்கு இனுயிட் மொழியான இனுக்டிடுட் மட்டும்தான் தெரியும், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சம்மதம் வாங்காதீர்கள். பேரப்பிள்ளையை வைத்துச் சமாளிக்கவும் கூடாது. இனுயிட்கள் ஆமாம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். இதைவிட வசதியான மொழி பல் டாக்டருக்குக் கிடையாது. ஒரு பாட்டிக்குக் கீழ்த்தாடையில் ஊசி போட்டுவிட்டு மரத்திருக்கிறதா என்று கேட்டோம், வாயில் கண்ணாடியும் சக்ஷனும் பஞ்சும். தெற்கிலிருந்து புதிதாக வந்த அசிஸ்டன்ட் "பதிலே சொல்லலையே" என்றார். பாட்டியின் மூக்கு லேசாக ஒரு முறை சுருங்கியிருந்தது, மாஸ்க் உயரத்திலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு. இன்னொரு கார்ட்ரிட்ஜ் போட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது புருவம் ஏறியது. முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், "வலிக்கவில்லையே?" என்று எதிர்மறையில் கேட்காதீர்கள், பதில் குழம்பும்.

நாற்காலியைச் சாய்க்கும் முன் சொல்லுங்கள், வாயில் கை வைக்கும் முன் கேளுங்கள். மௌனத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம், யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

பதினோராம் படி: ஆபத்து வந்தால்

தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியான வீக்கம், நாக்கு மேலே தள்ளுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் அது உங்கள் நாற்காலிக்கான கேஸ் இல்லை. உடனே நர்ஸை அழையுங்கள், அவர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரோடு பேசி மெடிவாக் என்ற அவசர மருத்துவ விமானத்தை வரவழைப்பார். புயல் அடித்தால் விமானமும் வராது, அதனால் சாயங்காலம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற ஆடம்பரம் அங்கே இல்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, அட்ரினலின் காலாவதி ஆகவில்லையா, இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஏஇடி எங்கே மாட்டியிருக்கிறது, இவற்றை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

வலிக்கு முடிந்தவரை ஐபுப்ரொஃபனும் அசிட்டமினோஃபனும் சேர்த்தே சமாளியுங்கள். பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு வலிமருந்து வேண்டுமென்றால் நர்ஸிடம் பேசாமல் எழுதாதீர்கள், எந்த வீட்டில் என்ன சிக்கல் என்று அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் படி: சாயங்காலங்கள்

கோடையில் இருட்டாது. ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினால்தான் தூக்கம் வரும். குளிர்காலத்தில் வடகோடி ஊர்களில் சூரியனே எழாது, வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு தினமும் ஒரே நேரத்தில் போன் பண்ணுங்கள். ஊர் விருந்துக்கோ நடனத்துக்கோ அழைத்தால் போங்கள். உங்களைக் கிளினிக்குக்கு வெளியே பார்த்த பிள்ளை அடுத்த நாள் வாயைச் சுலபமாகத் திறக்கும். ஆனால் கடையில் யாராவது "என் தங்கச்சிக்கு என்ன ஆச்சு டாக்டர்?" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். நானூறு பேர் உள்ள ஊரில் பெயர் சொல்லாமல் ஒரு கேஸைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினாலும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆர்வியட் போன்ற இடங்களில் பனிக்கரடி ஊர் ஓரத்துக்கே வரும், ஊருக்கு வெளியே தனியாக நடக்கப் போகாதீர்கள்.

கடைசி நாள்

யூனிட்டின் தண்ணீர்க் குழாய்களை முழுக்க வடித்துவிடுங்கள். நீங்கள் போன பிறகு கட்டடத்தில் ஹீட்டர் நின்றால் உள்ளே உறைந்து வெடித்துவிடும். என்னென்ன சாமான் தீர்ந்தது, எது ரிப்பேர் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். கேஸ் குறிப்புகளை உங்களுக்குப் புரிகிற சுருக்கெழுத்தில் எழுதாமல், முன்பின் தெரியாத இன்னொரு டாக்டர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். யாருக்கு எந்தப் பல் பாக்கி, யாருக்கு எஸ்டிஎஃப் எப்போது மறுபடி, யாருடைய ரெஃபரல் இன்னும் போகவில்லை என்ற பட்டியலில் ஒரு பிரதி நர்ஸிடம், ஒரு பிரதி உங்களிடம்.

விமானத் தளத்தில் காத்திருக்கும் நேரத்தில் நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டு, அதே ஊருக்கு அடுத்த தேதியைக் கேளுங்கள். "வேறு நல்ல ஊர் தருகிறோம்" என்பார்கள், பெரிய ஊரில் வருமானமும் கூடுதலாக இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களைச் சொல்லி, இதே ஊர்தான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தேதி கிடைத்ததும் நர்ஸுக்கும் சொல்லிவிடுங்கள், வானொலியில் போடுவது அவர் பாடு.